மண் உண்டையும் மண் பறவையும்

காவிரியும் குடமுருட்டியும் வெட்டாறும் வெண்ணாறும் வடவாறும் ஒன்றையொன்று அணுகி ஓடுகின்ற திருவையாற்றுச் சீமையைப்பற்றி எழுத முற்பட்டவர்கள், ஐயாறப்பர் ஆலயத்தின் மகிமையையும், ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளின் நாதோபாஸனையையும், மராட்டிய மன்னர்களின் தான தருமங்களையும் விஸ்தாரமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஆறுகள் வெள்ளந்தோறும் கொண்டுவந்து படியவிட்ட வண்டலும் களிமண்ணும் இந்நாட்டு மக்களின் கையில் எத்தனை ரூபம் கொண்டன என்பதைத் தனியே எடுத்து எழுதியவர்கள் சிலரே. சோறு வடிக்கும் பானை, நெல்லைச் சேமிக்கும் குதிர், கூரைக்கு ஓடு, நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை, ஊரெல்லையில் நிற்கும் ஐயனாரின் குதிரை என்று பெரியனவும் சிறியனவுமாக எண்ணற்ற பொருள்கள் அந்த மண்ணிலிருந்து பிறந்தன. அவற்றுள் மிகச் சிறியதும், எறிந்த மாத்திரத்தில் வயலிலே தொலைந்துபோவதும், ஆதலால் கணக்கிலும் சாஸனத்திலும் இடம்பெறும் பாக்கியமற்றதுமான பொருள் ஒன்று உண்டு. அது பறவையைக் குறிவைத்து எறிவதற்காக உருட்டப்பட்ட மண் உண்டை.

மனிதனுக்குக் குறிபார்த்து எறியும் ஆசை தோன்றிய காலம் முதல் அந்த ஆசைக்கு இரையானவற்றுள் ஒன்று பறவை. பறவைமேல் எறிவதற்காக மண்ணைக் கையில் எடுத்த மனித ஜாதி, பல நூற்றாண்டுகள் சென்றபின், பறவையை விட்டுவிட்டு மண்ணையே பறவையாகச் செய்து வானத்தில் ஏவி, அதனைக் குறியாகக் கொள்ளக் கற்றுக்கொண்டது. நம் நாட்டு மண் உண்டையிலிருந்துதான் மேல்நாட்டு மண் பறவை பிறந்தது என்று சாதிப்பது என் கருத்தன்று. அவை வெவ்வேறு தேசங்களில் வெவ்வேறு காரணங்களால் தோன்றியவை. எனினும் இவ்விரண்டின் சரித்திரத்தையும் அருகருகே வைத்துப் படிப்போமானால், ஒரு விளையாட்டு எவ்வாறு படிப்படியாக ஜீவகாருண்யத்தின் பக்கம் நகர்ந்தது என்பது தெளிவாக விளங்கும்.

நெல்லும் தினையும் விளைகிற நாட்டில் பறவை விருந்தாளியும் ஆகும், பகையும் ஆகும். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் சில்லைக் குருவிகளும் தூக்கணாங்குருவிகளும் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குமாயின், ஒரு மா நிலத்தின் விளைவில் கணிசமான பகுதி சில நாட்களுக்குள் பதராகிவிடும். ஆதலால் புள்ளோட்டுதல் என்பது உழவுக்கும் நடவுக்கும் அறுவடைக்கும் நிகரான ஒரு தொழிலாகவே பண்டைக் காலத்தில் கருதப்பட்டது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் மகளிர் கையாண்ட தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகள் பேசப்படுகின்றன. இவையெல்லாம் பெரும்பாலும் ஓசையினால் கிளியை அச்சுறுத்தும் சாதனங்கள். பரண்மீது நின்று ஆலோலம் பாடிக் கவண் வீசிய வள்ளிநாயகியின் கதையைக் கேளாத தமிழ்க் குழந்தை இல்லை. மருத நிலத்திலோ, வெண்ணெல் அரியும் உழவர் முழக்கிய தண்ணுமையின் ஓசைக்கு வெருவிப் பறவைகள் எழுந்தோடியதைச் சங்கப் புலவர்கள் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். விரட்டுவதே அங்கெல்லாம் நோக்கமாக இருந்ததேயன்றிக் கொல்வது நோக்கமாக இருந்ததில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

கல் எளிதில் அகப்படுகிற மலைநாட்டில் கவணுக்குக் கல் போதும். காவிரிப் பாசனப் பிரதேசத்திலோ, ஆற்றுப்படுகையை விட்டு வயலுக்குள் இறங்கினால் ஒரு கூழாங்கல்லைத் தேடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கல் இல்லாத நாட்டில் கல்லின் வேலையை மண் செய்தது. சுட்டமண் உருண்டையை எறிபடையாகக் கொள்வது பாரத தேசத்தில் மிகப் புராதனமான வழக்கம். சிந்து வெளியின் மொஹஞ்சதாரோவிலேயே கவணுக்குரிய மண் உருண்டைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் அந்த உருண்டைக்குத் தகுந்த துணையாக அமைந்தது உண்டைவில்.

உண்டைவில்லின் அமைப்பு போர்வில்லின் அமைப்பிலிருந்து வேறுபட்டது. மூங்கிலைப் பிளந்து சீவி வளைத்த வில்லில் ஒரு நாணுக்குப் பதிலாக இரண்டு நாண்கள் இணையாகப் பூட்டப்பட்டிருக்கும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி இரு புறத்திலும் சிறு குச்சிகள் இடையே கொடுக்கப்பட்டிருக்கும். நாண்களின் நடுவிலே நூலால் பின்னிய அல்லது துணியால் தைத்த சிறு தொட்டில் ஒன்று இருக்கும். அந்தத் தொட்டிலில் உண்டையை வைத்து, தொட்டிலையும் உண்டையையும் சேர்த்து இரு விரல்களால் பற்றிப் பின்னுக்கு இழுத்து விடவேண்டும். அம்பு வில்லின் பக்கவாட்டில் வழுக்கிச் செல்லும்; உண்டையோ நாணின் நடுவிலிருந்து நேராகப் புறப்படுவதால், வில்லைப் பிடித்த கையின் பெருவிரல் அதன் பாதையில் நிற்கிறது. ஆதலால் நாணை விடுகின்ற அதே கணத்தில் இடது மணிக்கட்டைச் சற்றே திருப்பி வில்லைப் பாதையிலிருந்து விலக்கிக்கொள்ளும் லாகவம் வேண்டும். அந்த லாகவம் கைவராதவன் பறவையை அடிப்பதற்கு முன் தன் விரலையே அடித்துக்கொள்வான்.

வில்லைக்காட்டிலும் உண்டையைச் செய்வதிலேதான் நுட்பம் அதிகம். கல்லும் வேரும் நீக்கிய களிமண்ணைப் பிசைந்து, ஒரே அளவாகக் கிள்ளி, இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து உருட்டி, வெயிலில் வைத்தால் வெடிக்குமென்று நிழலிலே உலர்த்தி, வேண்டுமாயின் தணலில் இட்டுச் சுட்டெடுப்பார்கள். உருண்டை ஒரு பக்கம் கனத்திருந்தால் வழியிலே வளைந்துவிடும். உள்ளே காற்று நின்றிருந்தால் சுடும்போதே பிளந்துவிடும். நன்றாக உலராவிட்டால் தொட்டிலில் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் வந்த பிறகு உண்டைவில்லின் ஸ்தானத்தைக் கவட்டைக் கிளையில் கட்டிய உண்டிகோல் பிடித்துக்கொண்டது. ஆயினும் களிமண்ணை உருட்டி வரிசையாகத் திண்ணையில் உலர்த்தி வைக்கும் சிறுவர்களின் பழக்கம் அத்துடன் போய்விடவில்லை.

இந்த எளிய விளையாட்டுக் கருவிக்குத் தமிழ் இலக்கியத்தில் கிடைத்திருக்கும் உயர்ந்த இடம் ஆச்சரியமானது. இராமபிரான் இளம் பிராயத்தில் விளையாட்டாக உண்டைவில்லை ஏந்திக் கூனியின் கூன்மீது மண் உண்டையைத் தெறித்தான் என்னும் கதை வான்மீகி முனிவரின் காவியத்தில் இல்லை; அது தமிழ்நாட்டிலே வேரூன்றி வளர்ந்த கதை. நம்மாழ்வார் திருவாய்மொழியில் அதைக் குறிப்பிடுகிறார். திருமழிசையாழ்வார் திருச்சந்தவிருத்தத்தில் அரங்கநாதனைப் பாடும்போது அதை நினைவுகூருகிறார். காவிரி நாட்டுத் தேரழுந்தூரில் தோன்றிய கம்பரோ, அயோத்தியா காண்டத்து மந்தரை சூழ்ச்சிப் படலத்தில், அந்தப் பழைய அடியின் நினைவே மந்தரையின் நெஞ்சில் வஞ்சமாக முளைத்தது என்று காட்டி, இராம காதையின் பெருந்திருப்பத்துக்கே ஒரு மண் உண்டையைக் காரணமாக அமைத்துவிடுகிறார்.

பக்தி நெறியில் இதற்குக் கூறப்படும் வியாக்கியானங்கள் பல; நமக்கு இங்கே வேண்டியது சரித்திர உண்மை. ஆழ்வார்கள் காலத்திலும் சோழர் காலத்திலும் உண்டைவில் என்று சொன்ன மாத்திரத்தில் கேட்டவர்களுக்கு அது விளங்கியிருக்கவேண்டும். அரசகுமாரன் முதல் குடியானவன் மகன் வரையில் அதனை ஏந்தியிருக்கவேண்டும். அது கொல்லும் படைக்கலமாக அன்றி, நோவைத் தந்து விலகிவிடும் விளையாட்டுக் கருவியாகவே மதிக்கப்பட்டிருக்கவேண்டும். இவை மூன்றும் அந்தக் கதைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. கம்பர் நமக்கு உணர்த்தும் நீதி இன்னும் ஆழமானது: எறிந்தவன் விளையாட்டென்று மறந்துவிட்டதை, அடிபட்ட ஜீவன் மறப்பதில்லை. குறிபார்க்கும் கலையைப்பற்றி உலகத்தில் எழுதப்பட்ட நூல்களிலெல்லாம் சொல்லப்பட வேண்டிய நீதி இது. அது நம் சோழநாட்டுக் கவியின் வாக்கில் முன்னரே வந்துவிட்டது.

துப்பாக்கி வந்த பிறகு நிலைமை மாறிற்று. மண் உண்டை ஒன்றே ஒன்றாகச் சென்று, பெரும்பாலும் குறிதப்பி, பறவைக்குத் தப்பிப் பிழைக்க அவகாசம் கொடுத்தது. துப்பாக்கியின் ஈயச் சிறுகுண்டுகளோ ஒரே வெடியில் நூற்றுக்கணக்காகப் பரவி, கூட்டமாக எழுந்த பறவைகளைக் கூட்டமாகவே வீழ்த்தின. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் தஞ்சைச் சீமை கும்பினியார் ஆட்சிக்கு உட்பட்டதும், குளிர்காலத்தில் வடதேசங்களிலிருந்து வந்து நெல்வயல்களில் இறங்கும் உள்ளான் பறவையைத் தேடி வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் வரப்புகளின்மீது நடந்தார்கள். திடீரென்று எழுந்து கோணல்மாணலாகப் பறந்து செல்லும் உள்ளானைச் சுட்டு வீழ்த்துவது அவர்களுக்குச் சாமர்த்தியத்தின் பரீட்சையாக இருந்தது. நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் சுமந்து ஊரூராகத் திரிந்த நரிக்குறவர்கள் ஜீவனத்துக்காகக் கொக்கையும் மடையானையும் சுட்டு விற்றார்கள். அதே காலத்தில் தஞ்சை அரண்மனையில் வேறொரு வகையான வேட்டையும் நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துச் சித்திரக்காரர்கள் பறவைகளின் சிறகு, அலகு, கால் நிறம் முதலியவற்றை உற்றுநோக்கித் தீட்டிய படங்கள், தஞ்சையில் ரெஸிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரின் வழியாக லண்டன் சென்று, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஒரே பறவையைத் துப்பாக்கி ஒரு விதமாகவும் தூரிகை மற்றொரு விதமாகவும் பற்றிக்கொண்ட காலம் அது.

உள்ளான் வருவது ஆண்டில் சில மாதங்களே. குறிபார்க்கும் ஆசையோ ஆண்டு முழுவதும் அடங்குவதில்லை. இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இதற்கு ஒரு கொடிய பரிகாரம் கண்டுபிடித்திருந்தார்கள். உயிருள்ள புறாவைத் தரையில் ஒரு குழிக்குள் வைத்து, அதன்மேல் பழைய தொப்பியைக் கவிழ்த்து, தொப்பியில் கட்டிய கயிற்றை இழுத்ததும் எழுந்து பறக்கும் புறாவைச் சுட்டார்கள். தொப்பி பின்னர்ப் பெட்டியாயிற்று. பெட்டி பிற்பாடு பொறியாயிற்று. 1869-இல் லண்டனில் ஹர்லிங்ஹாம் கிளப் தோன்றியதே புறா சுடும் பந்தயத்தின் பொருட்டுத்தான். அங்கே அந்த வழக்கம் 1905 வரை நீடித்தது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விழாவின்போது உயிருள்ள புறாக்களைச் சுடும் போட்டியும் நடந்து, நூற்றுக்கணக்கான புறாக்கள் பார்வையாளர் கண்முன்னே மடிந்து விழுந்தன.

அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்குப் பலியானது ‘பாசஞ்சர்’ புறா என்னும் காட்டுப்புறா. பறக்கும்போது வானத்தை மறைத்துச் சூரியனைக் காணாமற் செய்யும் அளவுக்குக் கோடிக்கணக்காக வாழ்ந்திருந்த அந்த இனத்தை வலை வைத்துப் பிடித்து, ரயில் ஏற்றி, பந்தயக் களங்களுக்கு அனுப்பினார்கள். 1881-இல் நியூயார்க்கை அடுத்த கோனித் தீவில் நடந்த ஒரு பந்தயத்துக்காக மாத்திரம் ஏறத்தாழ 20,000 புறாக்கள் கொண்டுவரப்பட்டன. காடுகளை வெட்டியதும் உணவுக்காகக் கொன்றதும் அந்த இனத்தின் அழிவுக்கு முதன்மையான காரணங்கள் என்பது உண்மையே. ஆயினும் விளையாட்டுக்காகச் செய்த கொலையும் அந்தப் பாவத்தில் பங்கு உடையது.

மனச்சாட்சி உள்ளவர்களின் கண்டனம் ஒருபுறமும், புறாக்கள் கிடைப்பது அருகிப்போனது மறுபுறமும் நெருக்கவே, உயிரற்ற குறியைத் தேடும் முயற்சி தொடங்கிற்று. முதலில் வந்தது கண்ணாடி உருண்டை. இல்லினாய்ஸ் மாகாணத்துப் புகழ்பெற்ற குறிகாரர் ஆடம் போகார்டஸ் 1877-இல் உருண்டைக்கும் அதை எறியும் பொறிக்கும் காப்புரிமை பெற்றார். வழவழப்பான கண்ணாடியில் ஈயக் குண்டு வழுக்கிச் சென்றுவிடும் என்பதை உணர்ந்து, அவர் உருண்டையின் மேற்பரப்பில் வலைக்கண்போன்ற வரம்புகளை அமைத்தார். அதே ஆண்டில் ஐரா பெயின் என்பவர், உருண்டை உடைந்ததும் பறவையின் இறகு காற்றில் பறப்பதுபோலத் தோன்றவேண்டும் என்று, இறகு நிரப்பிய உருண்டைக்கு உரிமை பெற்றார். ஆனால் உடைந்த கண்ணாடித் துண்டுகள் புல்வெளியில் சிதறி ஆடுமாடுகளின் காலைக் கிழித்தன. உருண்டையோ மேலெழுந்து கீழே விழுந்ததேயன்றிப் பறவையைப்போல் நெடுந்தூரம் பறக்கவில்லை.

இந்தக் குறையைத் தீர்த்தவர் ஓஹையோ மாகாணத்துச் சின்சினாட்டி நகரத்தவரான ஜார்ஜ் லிகோவ்ஸ்கி. நீர்ப்பரப்பின்மீது சிறுவர்கள் தட்டையான சிப்பிகளை வீசித் தத்தித் தத்திச் செல்ல விட்டதைப் பார்த்து அவருக்கு யோசனை உதித்தது என்று சொல்லப்படுகிறது. நம் ஊர்க் குளங்களில் ஓட்டாஞ்சில்லை வீசி விளையாடாத பிள்ளை உண்டா? அந்தச் சில்லின் தட்டை வடிவமும் சுழற்சியுமே அதைத் தாங்கிச் செல்கின்றன. லிகோவ்ஸ்கி சிறு கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போன்ற சுட்டமண் தட்டைச் செய்து, அதனைச் சுழற்றி ஏவும் பொறியையும் அமைத்து, 1880-இல் உரிமை பெற்றார். வானத்திலே தரைக்கு இணையாக, பறவையின் வேகத்தோடும் போக்கோடும் பறந்து சென்ற முதல் மண் பறவை அதுவே. அவர் வாழ்ந்த அதே சின்சினாட்டி நகரத்து மிருகக்காட்சிசாலையில், 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி, மார்த்தா என்று பெயரிடப்பட்டிருந்த கடைசி ‘பாசஞ்சர்’ புறா உயிர்நீத்தது. மண் பறவை பிறந்த ஊரிலேயே மெய்ப்பறவையின் இனம் முடிந்தது. பரிகாரம் காலந்தாழ்த்து வந்தால் எவ்வளவு பெரிய நஷ்டம் நேரும் என்பதற்கு இதனினும் கசப்பான சாட்சியம் வேண்டியதில்லை.

லிகோவ்ஸ்கியின் தட்டிலும் ஒரு குற்றம் இருந்தது. குயவருக்கு எது பெருமையோ அதுவே இங்கே குறையாயிற்று. தட்டு வேண்டிய அளவுக்கு மேல் கெட்டியாக வெந்திருந்தது. ஈயக் குண்டு பட்டால் கணீரென்று ஒலித்துவிட்டு, உடையாமலேயே தன் வழியில் பறந்துபோயிற்று. சுட்டவனுக்குக் குறி தப்பியதா பட்டதா என்பது தெரியாமல் வாதம் மூண்டது. ஆதலால் 1880-களிலேயே பிரெட் கிம்பிள் முதலியோர் சுட்டமண்ணைக் கைவிட்டு, கீலையும் சுண்ணாம்புக்கல் தூளையும் காய்ச்சிக் கலந்து அச்சில் வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பெயரளவில் மண் என்று வழங்கினாலும், இன்று உலகமெங்கும் பறக்கும் தட்டுகளின் உபாதானம் பெரும்பாலும் அந்தக் கலவையே. இங்கிலாந்தில் 1921-இல் சட்டம் இயற்றி, கூண்டிலிருந்து விடுவித்த பறவைகளைச் சுடுவதைத் தடைசெய்தபோது, அந்தத் தடை நிலைபெறுவதற்குத் தக்க மாற்றுப்பொருள் ஏற்கெனவே கையில் இருந்தது. தர்மம் வென்றது உண்மை. அதற்கு வழியமைத்துக் கொடுத்தது ஒரு கைத்தொழிலின் திறமை.

நல்ல தட்டின் இலட்சணம் என்னவென்று ஆராய்ந்தால், அந்தத் திறமையின் அருமை புலப்படும். சர்வதேசப் போட்டிகளுக்குரிய தட்டு 110 மில்லிமீட்டர் குறுக்களவும், ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் உயரமும், 105 கிராம் எடையும் உடையது. மேலே படிப்படியாக வளையங்கள் உயர்ந்து குவிந்திருக்கும். கீழே குடைவாக இருக்கும். விளிம்பு சற்றுக் கனத்திருப்பதால் சுழலும்போது தட்டு சாயாமல் நிமிர்ந்து பறக்கும். பொறியின் கரம் அதைத் திடீரென்று வீசும்போது, சில கணங்களில் அது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தைப் பெறுகிறது. அந்த அதிர்ச்சியைத் தாங்கி முழுசாக வெளிவருவதற்கு வலிமை வேண்டும். நாற்பது கஜத்துக்கு அப்பால், கடுகைவிடச் சற்றே பெரிய ஈயக் குண்டுகள் இரண்டொன்று பட்டாலும் உடனே சிதறுவதற்கு மென்மையும் வேண்டும். கீல் அதிகமானால் வெயிலில் இளகித் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். தூள் அதிகமானால் பெட்டியிலேயே நொறுங்கும். ஒருபுறம் தடித்தும் ஒருபுறம் மெலிந்தும் வார்த்த தட்டு காற்றில் தள்ளாடும். அப்பொழுது போட்டியில் ஒருவருக்கு நேர்வழியும் மற்றொருவருக்குக் கோணல்வழியும் வாய்த்து, நியாயமே கெட்டுவிடும். உருண்டை ஒருபுறம் கனத்தால் வளைந்துவிடும் என்பதை அறிந்து இரு உள்ளங்கைகளுக்கிடையே பொறுமையாக உருட்டிய நம் உண்டை உருட்டுவோரும், தட்டு வார்க்கும் ஆலையாரும் கவலைப்பட்டது ஒரே விஷயத்துக்குத்தான்.

உடைவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் உடையாமல் தப்பினால், அதற்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய கண்ணாடி உருண்டைகளையும் ஆதிகால மண் தட்டுகளையும் சேகரிப்போர் பலர் இருக்கிறார்கள். இல்லினாய்ஸ் மாகாணத்து ஸ்பார்ட்டாவில் இதற்கென்றே ஒரு காட்சிசாலையும் உண்டு. சேகரிப்போர் உருண்டையைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது அதன் கழுத்தை. ஊதுகுழலிலிருந்து முறித்தெடுத்த இடம் தேய்க்கப்படாமல் கரடுமுரடாக இருக்குமாயின், அது உடைவதற்காக அவசரமாக ஊதப்பட்ட மெய்யான உருண்டை. மழமழவென்று தீட்டியிருந்தால் பிற்காலத்துப் போலி என்று சந்தேகிக்க இடமுண்டு. அதன்பின் நிறம்: தேன்நிற உருண்டைகள் ஓரளவு அகப்படும், வேறு சில நிறங்கள் அரிது. அதன்பின் அச்செழுத்து: போகார்டஸின் பெயரும் 1877 ஏப்ரல் 10 என்னும் தேதியும் பொறித்தவையும், ஸ்காட்லாந்தில் பெர்த் நகரத்துக் கண்ணாடி ஆலையின் பெயர் பொறித்தவையும் பெயர்பெற்றவை. ஐரா பெயினின் உருண்டையில் அன்று அடைத்த இறகு இன்றும் உள்ளே தங்கியிருக்குமாயின் அதன் விலைக்கு எல்லை சொல்வது கடினம். லிகோவ்ஸ்கியின் சுட்டமண் தட்டுகள் முழுசாகக் கிடைப்பது அபூர்வம்.

மேல்நாட்டார் இப்படித் தங்கள் விளையாட்டின் உடைந்த சரித்திரத்தைக்கூடப் பேழைகளில் வைத்துப் போற்றும்போது, உண்டைவில்லும் மண் உண்டையும் ஆழ்வார் பாசுரத்திலும் கம்பர் காவியத்திலும் இடம் பெற்றிருக்கும் நம் நாட்டில், அவற்றை ஒரு மாதிரிக்காகவேனும் வரிசைப்படுத்திக் காட்டும் பொறுப்பு நமக்கு இருக்கிறது. சிலையும் செப்பேடும் ராஜாக்களின் சரித்திரத்தைச் சொல்லும். வயற்காட்டுச் சிறுவனின் சரித்திரத்தை அவன் உருட்டிய உண்டையே சொல்லவேண்டும்.

பாரத தேசத்தில் துப்பாக்கி ஏந்தியவர்கள் மெய்ப்பறவையை விட்டு மண் பறவைக்கு மாறிய கதையும் சிந்திக்கத் தக்கது. பிகானீர் சமஸ்தானத்தில் கஜ்னேர் ஏரிக்கு வரும் கல்கௌதாரிப் பறவைகளை ஆயிரக்கணக்காகச் சுட்டு வீழ்த்துவது ஒரு காலத்தில் ராஜ விருந்தின் அங்கமாக இருந்தது. அந்த வம்சத்தில் தோன்றிய மகாராஜா கர்ணி சிங், பறக்கும் தட்டைச் சுடும் போட்டியையே தம் சாதனைக் களமாகக் கொண்டு, 1961-இல் அர்ஜுனா விருது பெற்று, 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்று, 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் விழாக்களில் தேசத்தின் சார்பாகக் கலந்துகொண்டார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வேட்டைத் துப்பாக்கிகள் பல மௌனமாயின. மண் பறவை இருந்தமையால் அந்தக் கலை மாத்திரம் சாகாமல் நின்றது. 1978-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் ரண்தீர் சிங் பறக்கும் தட்டைச் சுடும் பிரிவில் தங்கம் வென்றார்.

தஞ்சையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரத்திலுள்ள புதுக்கோட்டையும் இந்தச் சரித்திரத்தில் தன் பங்கைப் பெற்றிருக்கிறது. 1948 மார்ச் மாதத்தில் இந்திய யூனியனோடு இணைந்த அந்தச் சமஸ்தானத்தின் தொண்டைமான் அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், 2023-இல் சீனத்து ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், கினான் செனாய், ஜோராவர் சிங் சந்து ஆகிய இருவரோடும் சேர்ந்து, பறக்கும் தட்டைச் சுடும் ட்ராப் பிரிவின் குழுப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றார். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். 1900-இல் உயிருள்ள புறாக்கள் மடிந்த அதே பாரிஸின் பெயரால் நடந்த விழாவில், நம் சீமைக்கு அண்டையிலிருந்து சென்ற ஒருவர், ஒரு சிறகையும் நோகச் செய்யாமல் தம் குறியின் திறத்தைக் காட்டினார் என்பது நம் உள்ளத்தைக் குளிர்விக்கிறது.

இவ்வளவு நன்மைக்குப் பின்னும் ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டியிருக்கிறது. கீல் கலந்த தட்டின் சிதறல்களைத் தின்ற பன்றிகள் ஈரல் கெட்டு இறந்ததாக மேல்நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நீர்நிலையில் விழுந்த ஈயக் குண்டை, இரைப்பையில் தானியம் அரைக்க விழுங்கும் சிறு கல்லென்று மயங்கி விழுங்கிய வாத்துகள் விஷமேறி மடிகின்றன. வாய்க்காலும் வடிகாலும் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கிற இந்த டெல்டாவில் ஓரிடத்து விஷம் ஓரிடத்தோடு நிற்பதில்லை. 1967-இல் சரணாலயமான கோடிக்கரையும், மன்னார்குடிச் சாலையிலுள்ள வடுவூர் ஏரியும், கொள்ளிடத்துக்கு வடக்கே கரைவெட்டி ஏரியும் இன்று ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகப் புகழ் பெற்ற நீர்ப்பறவைத் தலங்கள். ஆதலால் சுடும் களத்தை நீர்நிலையிலிருந்து விலக்கி அமைப்பதும், விழுந்த ஈயத்தைத் திரட்டி எடுப்பதும், கீல் நீங்கிய, மண்ணோடு மண்ணாக மக்கிப்போகும் தட்டுகளை வழக்கத்துக்குக் கொண்டுவருவதும் அந்தக் கலையை நேசிப்பவர்களின் கடமை.

சுட்டமண்ணின் கெட்டித்தனத்தால் லிகோவ்ஸ்கி தோற்ற இடத்தில், எவ்வளவு வேகவேண்டும், எதைக் கலந்தால் எவ்வளவு இளகும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கைவிரலால் அறிந்த காவிரிக்கரைக் குயவர்களின் ஞானம் பயன்படக்கூடும் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். பொங்கல் பானைக்கும் கார்த்திகை அகலுக்கும் மாத்திரம் ஆண்டில் இரு முறை நினைக்கப்படுகிற அந்தக் கைகளுக்கு, விளையாட்டுத் துறையும் தொழிற்கல்வி நிலையங்களும் சேர்ந்து புதிய வேலை ஒன்றைத் தர முன்வருமானால், தொழில் பிழைக்கும், வயல் கெடாது, பறவையும் வாழும். குறிபார்க்கும் ஆசை மனிதனை விட்டுப் போகப்போவதில்லை. அந்த ஆசைக்கும் பறவையின் உயிருக்கும் இடையே நியாயமான சமாதானம் ஒன்றைச் செய்துவைத்த பெருமை மண்ணுக்கு உரியது. அந்தச் சமாதானத்தைக் கெடாமல் காப்பதும், அதன் இரு தரப்புச் சரித்திரத்தையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பதும், மண்ணால் வாழ்கிற இந்நாட்டார் அந்த மண்ணுக்குச் செலுத்தவேண்டிய கடன்.